வட்டார வரலாற்று மன்றம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் பதினொன்று நடந்தன. நவம்பர் கூட்டம் மழையில் போயிற்று. நூலக அலமாரிக்குக் கதவு போட்டாயிற்று. மற்றபடி இந்த ஆண்டு என்றால் கொச்சிப் பயணம்தான்.

புறப்படுவதற்கு முன் மூன்று கூட்டங்களில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மனின் செப்பேட்டை எழுத்துக்கூட்டிப் படித்தோம். கி.பி. 1000 வாக்கில், முயிரிக்கோட்டில் (இன்றைய கொடுங்கல்லூர்) இருந்தபடி யூத வணிகர் ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவையும் 72 உரிமைகளையும் மன்னர் அளித்த ஏடு. வட்டெழுத்தில் அவர் ‘இசுப்பு இரப்பான்’. பகல்விளக்கு, அந்தோளகம் (பல்லக்கு), குடை என்று உரிமைகள் வந்த வரிசையில் ‘பாவாடை’யும் இருக்கவே பின்வரிசையில் சிரிப்பு. நடந்துவர விரிக்கும் துணி அது என்று மூத்த உறுப்பினர் சொன்ன பிறகே அடங்கியது.

இவ்வளவு படித்துவிட்டுக் கொச்சியின் மட்டாஞ்சேரியில் போய் இறங்கியது சனிக்கிழமை. யூதர்களின் ஓய்வுநாள்! 1568இல் எழுந்த பரதேசி ஜெப ஆலயம் பூட்டியிருந்தது. மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம். நாள் குறித்தவன் நான். திட்டியவர்கள் திட்டியது சரிதான்.

மறுநாள் வடக்கன் பறவூர். அங்குள்ள ஜெப ஆலயம் கேரள அரசின் முசிறி மரபுத் திட்டத்தில் சீரமைக்கப்பட்டு இப்போது கேரள யூதர் வரலாற்று அருங்காட்சியகம். தெருவாசலிலிருந்து தூண்கள் நிற்கும் நீண்ட நடையைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். 1616இல் கட்டியவர் தாவீது யாக்கோபு காஸ்தியேல் முதலியார். முதலியாரா என்று எல்லோரும் நின்றுவிட்டோம். சாதிப் பெயரன்று, யூதர் தலைவருக்குக் கொச்சி அரசர் தந்த பட்டம். பெண்கள் அமரும் மாடியின் முன்பகுதியிலும் ஒரு வாசிப்பு மேடை இருக்கிறது. இது கேரள ஜெப ஆலயங்களுக்கே உரியது.

யூத வேதமான தோராவின் சுருள்களை வைக்கும் பேழை நகல். மூலம் ஜெருசலேமில், இஸ்ரேல் அருங்காட்சியகத்தில். அதை விட்டிருக்கக் கூடாது என்றார் பொருளாளர். 1950களில் ஊர் யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்ட பிறகு பேழை யாருக்கு என்பது என் கட்சி. பாலக்காடு தாண்டியும் வாதம் ஓயவில்லை.

பறவூருக்கு அருகிலுள்ள சேந்தமங்கலத்தில் அரைமணி நேரம்தான் கிடைத்தது. ஜெப ஆலயத்தின் முன்னே நிற்கும் எபிரேயக் கல்லறைக் கல்லின் ஆண்டு 1269. ‘இஸ்ரேலின் மகள் சாரா’ என்பது தவிர அந்தப் பெண்ணைப் பற்றி வேறெதுவும் தெரியாது. மகளிர் அணியினர் அங்கிருந்து நகரவே இல்லை.

மட்டாஞ்சேரிக்கு மீண்டும் போகத் தீர்மானம் வந்திருக்கிறது. இம்முறை ஞாயிறு. போன பயணத்தின் வேன் வாடகையில் பாக்கி வைத்திருப்பவர்கள் தேநீர் இடைவேளையிலேயே பொருளாளரிடம் கட்டிவிடவும்.

செயலாளர்