ஓட்டுப் பெட்டிக்குள் ரப்பர் விலை இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

"ஓட்டு போடாதவருக்குக் குறை சொல்ல என்ன உரிமை?" என்று உங்கள் தலையங்கம் கேட்டிருந்தது. சரி, அதையே திருப்பிக் கேட்கிறேன்: ஒரு தேர்தல் விடாமல் ஓட்டு போட்டவன் சொன்ன குறையை இதுவரை யார் காது கொடுத்துக் கேட்டார்கள்? நான் அந்த ரகம்தான். மை வைத்த விரலோடு நேராக வேலைக்குப் போகிற ஆள்.

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற பால்வெட்டு எனக்கு வேலை. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளில் கூலி இல்லை. 2011இல் ஒரு கிலோ ரப்பர் ஷீட் இருநூறு ரூபாயைத் தாண்டிப் போனது. 2016 வாக்கில் நூறு ரூபாய்க்கு வந்து நின்றது. வெட்டினால் கூலிக்கே கட்டாது என்று பல தோட்டக்காரர்கள் மரத்தைச் சும்மா விட்டார்கள், எங்களில் பலர் கட்டட வேலைக்கும் கேரளாவுக்கும் போனார்கள். இந்த ஐந்து வருடத்துக்குள் இரண்டு சட்டமன்றத் தேர்தல், ஒரு நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. ரப்பர் விவசாயியைக் காப்போம் என்று சொல்லாத வேட்பாளர் எங்கள் பக்கம் கிடையாது. விலையைத் தீர்மானித்தவர்களோ எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. கச்சா எண்ணெய் விலை விழுந்தால் செயற்கை ரப்பர் மலிவாகிறது, தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் சரக்கு குவிந்தால் டயர் கம்பெனி அங்கே வாங்குகிறது, இங்கே குலசேகரத்தில் ஒருவன் வீட்டில் அடுப்பு அணைகிறது. இதற்கு எந்தச் சின்னத்தில் குத்துவது?

இன்னொன்று. நாட்டின் ஐந்து பெரிய டயர் கம்பெனிகள் 2011, 2012 காலத்தில் தங்களுக்குள் பேசிவைத்து டயர் விலையை ஏற்றின என்று இந்தியப் போட்டி ஆணையம் 2018இல் முடிவுசெய்து, மொத்தம் 1,788 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அந்த உத்தரவு வழக்கில் மாட்டிக்கொண்டு வெளியே வரவே 2022 பிப்ரவரி ஆகிவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 'மறுபடியும் பாருங்கள்' என்று ஆணையத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டது. ஐந்து கம்பெனி கூடிப் பேசினால் அது வழக்கு, வாய்தா, மேல்முறையீடு. நாங்கள் ஐம்பது பேர் கூடிக் கூலி கேட்டால் அன்று சாயங்காலமே போலீஸ் ஜீப் வந்துவிடும்.

முதலாளிகள் எல்லாரும் கெட்டவர்கள் என்று எழுத வரவில்லை. நான் வெட்டும் தோட்டத்தின் உரிமையாளர் நல்ல மனிதர், அவசரத்துக்கு முன்பணம் கேட்டால் முகம் சுளிக்காமல் தருவார். ஆனால் நிலமும் மரமும் அவர் கையில், கத்தி மட்டும் என் கையில் என்றால், அவர் நல்லவராக இருப்பது அவர் இஷ்டத்தைப் பொறுத்த விஷயம். நாளைக்குத் தோட்டத்தை விற்றுவிட்டால் அந்த இஷ்டமும் சேர்ந்து கைமாறிவிடும். ஓட்டு வாங்கிப் போனவர் விஷயமும் இதுவேதான் என்பதை விளவங்கோடு தொகுதிக்காரர்கள் நேரிலேயே பார்த்தார்கள். கை சின்னத்தில் மூன்று முறை ஜெயித்தவர் 2024 பிப்ரவரியில் ஒருநாள் டெல்லியில் தாமரைக் கட்சியில் சேர்ந்தார், பதவியை விட்டார், ஏப்ரலில் மக்கள் மறுபடியும் வரிசையில் நின்று இடைத்தேர்தலுக்கு ஓட்டு போட்டார்கள். நடுவில் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. நோட்டாவும் அப்படித்தான். 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லி வந்த பொத்தான் அது, எல்லாரையும்விட அதிகமாக அதில் விழுந்தாலும் அடுத்து வந்தவர் எம்.எல்.ஏ. ஆகிவிடுவார்.

விழிஞ்ஞம் துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2015இல் அதானி கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது கேரளத்தில் காங்கிரஸ் அரசு. அப்போது அதை ஊழல் என்று சொன்ன மார்க்சிஸ்ட் கட்சிதான் ஆட்சிக்கு வந்து அதன் முதல் கட்டத்தைக் கட்டி முடித்தது. 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணித்தது பா.ஜ.க. பிரதமர். மூன்று கொடிக்கும் ஒரே துறைமுகம். அதற்குக் கல் போனது நம் மாவட்டத்து மலைகளிலிருந்து. இங்கே இரட்டை இலை ஆண்டபோதும் டாரஸ் லாரி ஓடியது, உதயசூரியன் ஆண்டபோதும் ஓடியது. ராத்திரி ரோட்டில் நின்று லாரியை மறித்த ஊர்க்காரர்களால்தான் சில நாளாவது நின்றது. அவர்களில் எத்தனை பேர் மேல் வழக்கு என்று ஒரு செய்தியாளரை அனுப்பி விசாரித்து எழுதுங்களேன்.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2024 பிப்ரவரி 15இல் கம்பெனிகள் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்குப் பணம் கொடுக்க வழிவிட்ட தேர்தல் பத்திரத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிறகு கணக்கு வெளியே வந்தது. முதலிடத்தில் ஒரு லாட்டரிக் கம்பெனி, 1,368 கோடி ரூபாய். அதில் 509 கோடி தி.மு.க.வுக்கு. எல்லாக் கம்பெனியும் கொடுத்ததில் பெரிய பங்கு, ஆறாயிரம் கோடிக்கு மேல், பா.ஜ.க.வுக்கு. நமக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு ஓட்டு, கம்பெனிக்கு வேண்டும்போதெல்லாம் ஒன்று.

இடதுசாரி நண்பர்கள் இந்த இடம்வரை தலையாட்டுவார்கள். பத்திரம் வழியாகப் பணம் வாங்காததும், வழக்குப் போட்டதும் அவர்கள் கட்சி, அதை மறுக்கவில்லை. ஆனால் 'நாற்காலியில் நம்மவர் உட்கார்ந்தால் சரியாகிவிடும்' என்பதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு பழைய பதில் இருக்கிறது. 1954இல், நம் மாவட்டம் அப்போது சேர்ந்திருந்த திருவிதாங்கூர்-கொச்சியில் ஆண்டது பிரஜா சோஷலிஸ்ட் கட்சி. முதலமைச்சர் பட்டம் தாணுபிள்ளை. பத்தொன்பது எம்.எல்.ஏ.க்களை வைத்துக்கொண்டு, காங்கிரஸ் ஆதரவில் வந்த ஆட்சி. தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டுப் போராடியவர்கள் மேல் ஆகஸ்ட் 11ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கி வெடித்தது. சுட்டது மன்னர் ஆட்சியோ வெள்ளைக்காரனோ இல்லை, சோஷலிஸ்ட் என்று பெயர் வைத்துக்கொண்ட அரசின் போலீஸ். அந்தக் கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா அப்போது வடக்கே சிறையில் இருந்தார். அங்கிருந்தே, இந்த ஆட்சி பதவி விலக வேண்டும் என்றார். ஆட்சி விலகவில்லை, கடைசியில் கட்சியை விட்டு வெளியேற நேர்ந்தது லோகியாவுக்குத்தான். ஆகஸ்ட் 11இல் தியாகிகளுக்கு மாலை போடுகிற தலைவர்கள் கதையின் இந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டுப் பேசுவார்கள்.

அரசுடைமை ஆக்கிவிட்டால் போதும் என்பவர்களுக்கு மணவாளக்குறிச்சி இருக்கிறது. 1909இல் கயிற்றில் ஒட்டி வந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டுபிடித்து ஒரு ஜெர்மானியர் இங்கே ஆலை போட்டார். இன்று அதே மணல் மத்திய அரசு நிறுவனத்தின் கையில். கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கத் திட்டம் வந்தபோது கடற்கரை ஊர்கள் எல்லாம் எதிர்த்தன. அரசு எடுத்தாலும் தனியார் எடுத்தாலும் கரையில் இருப்பவன் வீடுதானே கடலுக்குள் போகும்? எங்கள் மலைப்பக்கத்தில் அரசு ரப்பர் கழகமும் இருக்கிறது. அங்கேயும் கூலி உயர வேண்டுமென்றால் வேலைநிறுத்தம்தான்.

இதையெல்லாம் முதலில் சொன்னவன் நானில்லை. பாரதியின் 'இந்தியா' பத்திரிகையோடு இருந்த எம்.பி.டி. ஆச்சார்யா, சென்னையில் பிறந்த தமிழர், 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கியபோது உடன் இருந்தார். அப்புறம் கட்சி, அரசு இரண்டின் மேலும் நம்பிக்கை போய் அரசின்மைவாதியாகி, 1954இல் பம்பாயில் வறுமையில் இறந்தார். பூதப்பாண்டியில் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவாவுக்கு நாகர்கோவிலில் மணிமண்டபம் இருக்கிறது, இருக்கட்டும், நல்லதுதான். ஆச்சார்யாவின் பெயரைத் தெரிந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எங்கள் சங்கத்துச் செயலாளர் தம்பி இதைப் படித்துவிட்டு, "அண்ணா, நீங்க இப்படி எழுதினா லாபம் தாமரைக் கட்சிக்குத்தான்" என்றார். நியாயமான பயம். இந்துவும் கிறிஸ்தவரும் மோதிக்கொண்ட 1982 மண்டைக்காடு கலவரம் நினைவிருக்கிற ஊரில் பயந்து போடுகிற ஓட்டை நான் கேலி செய்ய மாட்டேன். போடுங்கள், ஐந்து நிமிட வேலை. ஆனால் நம் மாவட்டத்தில் தேர்தல் வந்தாலே இந்து ஓட்டு, கிறிஸ்தவ ஓட்டு என்று பிரித்து எண்ணுகிறார்கள். பால்வெட்டுக் கூலியும் முந்திரி ஆலைப் பெண்களின் கூலியும் அப்படிப் பிரிந்து கிடப்பதில்லை. அந்தக் கணக்கில் எல்லாரும் ஒரே பக்கம், அதைத் தேர்தலில் மட்டும் மறக்க வைத்துவிடுகிறார்கள்.

ஓட்டு இல்லாமல் என்ன நடந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெண்கள் மார்பை மறைத்து உடுக்கும் உரிமை 1859இல் வந்தபோது யாருக்கும் ஓட்டு கிடையாது. மிஷனரிகளும் சென்னை கவர்னரும் நெருக்கினார்கள், உண்மைதான், ஆனால் சந்தையில் அடி வாங்கியும் சீலையைக் கழற்றாதவர்கள் நம் ஊர்ப் பெண்கள். பன்னிரண்டு மணி நேர வேலைச் சட்டத்தை 2023 ஏப்ரல் 21இல் சட்டமன்றம் நிறைவேற்றியது, பத்தே நாளில் மே தினத்தன்று திரும்பப் பெற்றது. ஓட்டு 2021இலேயே போட்டு முடிந்துவிட்டது. பணிய வைத்தவை தொழிற்சங்கங்கள், அதிலும் கூட்டணிக் கட்சிகளின் சங்கங்களே எதிர்த்து நின்றன. ஒக்கி புயலில் கடலுக்குள் போய்த் தேடியவர்களும் சொந்தப் படகை எடுத்துக்கொண்டு போன மீனவர்கள்தான். குழித்துறை ரயில் நிலையத்தில் அவர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்த பிறகே முதலமைச்சர் வந்தார், அவருக்குப் பின்னால் பிரதமரும் வந்தார்.

கடற்கரையில் மீனவர் சங்கங்கள் செய்திருப்பதை மலைப்பக்கத்துக்காரர்கள் போய்ப் பார்க்க வேண்டும். முன்பணம் கொடுத்த வியாபாரி சொல்வதே விலை என்று இருந்த இடத்தில், பிடித்த மீனைத் தாங்களே ஏலம் விடும் முறையைச் சங்கம் கட்டிக் கொண்டுவந்தார்கள். கடன் சங்கத்தில் கிடைக்கிறது, பிடிப்பிலிருந்து கழிகிறது. வள்ளத்தில் கூலி என்ற பேச்சு இல்லை, செலவு போக மிச்சத்தில் பங்கு. குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன், அங்கேயும் சண்டை உண்டு, பெரிய படகுக்காரர்களின் ஆதிக்கம் உண்டு. ஆனாலும் ஷீட்டை வியாபாரி கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அவர் சொன்ன விலையை வாங்கி வருகிற எங்கள் நிலையைவிட அது எவ்வளவோ மேல். சிறு தோட்டக்காரரும் பால்வெட்டுக்காரரும் சேர்ந்து அப்படி ஒரு சங்கம் கட்ட எந்தக் கட்சியின் அனுமதியும் வேண்டியதில்லை.

ஆசிரியரிடம் ஒரு கோரிக்கை. தேர்தல் வந்தால் வேட்பாளர் எந்தக் கோயிலில் கும்பிட்டார், எந்தச் சர்ச்சில் ஜெபித்தார், எந்தக் கடையில் டீ ஆற்றினார் என்று பக்கம் பக்கமாகப் போடுகிறீர்கள். அதில் கால் பக்கம் எங்களுக்குத் தாருங்கள். வாரம் ஒருமுறை கோட்டயம் சந்தையின் ரப்பர் விலை, அன்றைக்கு இங்கே வியாபாரி கொடுத்த விலை, பால்வெட்டுக்குக் கிடைத்த கூலி, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடியுங்கள். முதல் இரண்டும் உங்கள் செய்தியாளருக்குக் கிடைக்கும். கூலியை ஊர் வாரியாக நாங்கள் எழுதி அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
ஒரு பால்வெட்டுத் தொழிலாளி,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.