1929இல் டீ புறோக்லி கோமகன் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் மாணவர் பக்கத்தில் பிரெஞ்சுப் பௌதிகவியலாளர் லூயி டீ புறோக்லி பற்றி வந்த கட்டுரையை, என்னிடம் உயர்தரப் பௌதிகவியல் படிக்க வரும் பிள்ளை ஒருத்தி வெட்டி எடுத்துக் கொப்பியில் ஒட்டிக்கொண்டு வந்தாள். ஒட்டினது ஆசையில் அல்ல, கோபத்தில். "பிரெஞ்சு அரச குடும்பத்தில் பிறந்த கோமகன் டீ புறோக்லி 1929இல் நோபல் பரிசு பெற்றார்" என்ற வரிக்குக் கீழே சிவப்புப் பேனாவால் தாள் கிழியிற மாதிரிக் கோடு போட்டிருந்தாள். பாடசாலை வினாடி வினாவில், பரிசு வாங்கியபோது அவருடைய பட்டம் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். இவள் நான் வகுப்பில் சொன்னதை நம்பி "இளவரசர்" என்று எழுத, விடைத்தாளில் "கோமகன்" (ஆங்கிலத்தில் டியூக்) என்று இருந்ததால் இரண்டு புள்ளி போயிற்றாம். போய்க் கேட்டால், பேப்பரில் வந்திருக்கிறதே என்று உங்கள் பக்கத்தையே காட்டியிருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்த ஒரே வரியில் இரண்டு பிழை. முதலாவது, அந்தக் குடும்பம் அரச குடும்பமே அல்ல, ஆதியில் பிரெஞ்சுக் குடும்பம்கூட அல்ல. வட இத்தாலியில் தூரின் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் கியேரி என்ற ஊர்க்காரர்கள், பெயர் ப்ரோல்யா. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சில் முதலமைச்சர் மசாரின் கர்தினாலின் கை ஓங்கியிருந்த காலத்தில் (அவரும் இத்தாலியர்தான், ஊர்க்காரனுக்கு ஊர்க்காரன்) பிரான்செஸ்கோ மரியா என்பவர் அந்த நாட்டுப் படையில் சேர்ந்து, அங்கேயே குடியுரிமையும் பெற்று, 1656இல் வலென்சா முற்றுகையில் செத்துப்போனார். ப்ரோல்யா என்பது பிரெஞ்சு வாயில் தேய்ந்து "ப்ரோய்" ஆகிவிட்டது. எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று. நாங்கள் ஆங்கில எழுத்தைப் பார்த்து "புறோக்லி" என்று படித்துவிட்டோம், இனி மாற்றினால் பிள்ளைகள் குழம்பும், அது அப்படியே இருக்கட்டும். பட்டத்தையாவது சரியாக எழுதுவோம்.

அவர்கள் உயர்ந்தது முழுக்க வாளால்தான். பிரான்செஸ்கோவின் பேரன் பிரான்சுவா மரி மார்ஷல் (படையின் உயர்ந்த பதவி) ஆனார், 1742இல் பதினைந்தாம் லூயி அவரைக் கோமகன் ஆக்கினார். நோர்மண்டியில் இருந்த ஷாம்ப்ரே என்ற சின்ன ஊர் அந்தப் பட்டத்துக்கான நிலம் ஆகி, ஊரின் பெயரே "ப்ரோய்" என்று மாறிவிட்டது. பொதுவாக ஊர்ப் பெயர்தான் மனிதனுக்கு ஒட்டும், இங்கே மனிதன் பெயர் ஊருக்கு ஒட்டியது. பாவம், அடுத்த வருஷமே பவேரியாவிலிருந்து படையைப் பின்வாங்கியதற்காக அரசரின் கோபத்துக்கு ஆளாகி, அந்தப் புதுக் கோமகன் அதே ஊரில் போய் முடங்க வேண்டியதாயிற்று.

"இளவரசர்" என்பது எங்கிருந்து வந்தது? இதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள், ஏனென்றால் தமிழில் இளவரசர் என்றால் ராசாவின் மகன், வேறு அர்த்தம் கிடையாது. ஏழாண்டுப் போரில் (1761இல் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்ததும் இதே போரில்தான்) இரண்டாம் கோமகன் விக்டர் பிரான்சுவா 1759 ஏப்ரலில் பிராங்க்பேர்ட்டுக்குப் பக்கத்தில் பேர்கன் என்ற இடத்தில் ஒரு பெரிய வெற்றி பெற்றார். அதற்காகப் புனித ரோமப் பேரரசர் முதலாம் பிரான்சிஸ் அவருக்கு "பேரரசின் இளவரசர்" என்ற பட்டத்தைக் கொடுத்தார். கொடுத்தது ஜேர்மன் பக்கத்துப் பேரரசர், பிரெஞ்சு அரசர் அல்ல. அந்தப் பட்டம் அவருடைய வம்சத்தில் வருகிற எல்லாருக்கும் உரியது, மூத்தவன் இளையவன் என்று இல்லை. ஆனால் கோமகன் பட்டம் அப்படியில்லை, குடும்பத் தலைவர் ஒருவருக்கு மட்டும்தான், அவர் போன பிறகே அடுத்தவருக்கு. எங்கள் ஆட்களுக்குச் சொல்வதென்றால், இராமநாதனும் அருணாசலமும் சகோதரர்கள், இருவரும் "சேர்" பட்டத்தைத் தனித்தனியே வாங்கினார்கள், அது பிள்ளைகளுக்குப் போகவில்லை. அங்கே வாங்கியவர் ஒருவர், அனுபவித்தவர்கள் தலைமுறை தலைமுறையாக.

சரி, லூயி டீ புறோக்லியின் கதைக்கு வருவோம். 1892இல் பிறந்தவர், கடைக்குட்டி. அண்ணன் மொறிஸ் 17 வயது மூத்தவர், 1906இல் தகப்பன் இறந்ததும் அவர்தான் ஆறாவது கோமகன். கடற்படையை விட்டுவிட்டுப் பாரிஸில் தன் வீட்டிலேயே எக்ஸ்கதிர் ஆய்வுகூடம் வைத்த ஆள். தம்பியின் படிப்பையும் அவரே பார்த்தார். தம்பி முதலில் படித்தது வரலாறு என்றால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. 1911இல் நடந்த, பௌதிகவியலாளர்கள் கூடிய முதல் சோல்வே மாநாட்டுக்கு மொறிஸ் செயலாளர், அங்கே வாசித்த கட்டுரைகள் வீட்டுக்கு வர, தம்பி அதில் விழுந்தார். 1924இல் ஆய்வேட்டில், பிளாங்க் மாறிலியை உந்தத்தால் வகுத்தால் துணிக்கையின் அலைநீளம் வரும் என்று எழுதினார். இலத்திரனும் அலைபோல நடக்கும் என்பதை 1927இல் பரிசோதனையில் கண்டார்கள், 1929இல் பரிசு. அப்போது அண்ணன் நல்ல சுகத்தோடு இருக்கிறார். இரண்டாவது பிழை இதுதான்: அண்ணன் இருக்கும்போது தம்பி எப்படிக் கோமகன்? அவர் அப்போது வெறும் இளவரசர்தான். மொறிஸ் 1960 ஜூலையில் பிள்ளை இல்லாமல் இறந்த பிறகுதான் லூயி ஏழாவது கோமகன் ஆனார். அப்போது வயது 67. கலியாணமே கட்டாதவர், 1987இல் அவர் இறந்ததும் பட்டம் தூரத்து உறவு ஒருவருக்குப் போனது.

இன்னொரு குறையும் உண்டு. கட்டுரையில் பிரெஞ்சுப் புரட்சிக் காலம் பற்றி ஒரு வரிகூட இல்லை. 1789 ஜூலையில் பாரிஸைச் சுற்றி நின்ற படைக்குத் தலைமை தாங்கியவர் அந்தப் பேர்கன் வெற்றிக்காரர், பிறகு நாட்டை விட்டு ஓடி 1804இல் முன்ஸ்டரில் இறந்தார். அவருடைய மகன் விக்டரோ மறுபக்கம், புரட்சியின் தேசிய சபையில் உறுப்பினர். தகப்பன் ஒரு கரை, மகன் ஒரு கரை. 1790இல் அந்தச் சபை பிரபுப் பட்டங்களையே ஒழித்தது. அப்படியும் 1794இல் அந்த மகனின் தலையைத்தான் கில்லட்டின் வெட்டியது. அவருடைய மகன், அதாவது மூன்றாம் கோமகன், 1815இல் பிரபுக்கள் சபையில் நெப்போலியனின் தளபதி மார்ஷல் நேய்க்கு மரண தண்டனை கேட்டபோது துணிந்து எழுந்து விடுதலைக்கு வாக்களித்தார், பின்னர் பிரதமரும் ஆனார். அவருடைய மகனும் பிரதமர். இதையெல்லாம் விட்டுவிட்டு "அரச குடும்பம்" என்று ஒரு சொல்லில் கடந்துபோனது எனக்கு எரிச்சலாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், கண்ணில் படுகிற இடத்தில், திருத்தம் ஒன்று போடுங்கள். மூலையில் பொடி எழுத்தில் வேண்டாம். வெட்டி ஒட்ட அவள் கொப்பியில் அடுத்த பக்கத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறாள், அதோடு போய் அந்த இரண்டு புள்ளியைக் கேட்கப் போகிறாளாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.