நாலு தோட்டா மிச்சமிருக்கிறதென்று முதல் வெடியை விடலாமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மான் வேட்டைக்குப் புதிதாகப் போகும் எங்கள் பிள்ளைகளுக்கென்று சென்ற மாதம் உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். அனுமதிப்பத்திரம், பாதுகாப்புப் பயிற்சி, செம்மஞ்சள் உடுப்பு பற்றி எழுதியதெல்லாம் சரி. ஒரு வெடி போனதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் அரைத் தானியங்கித் துவக்கைப் பற்றிய பகுதியில் மட்டும் இரண்டு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. இந்த வகைத் துவக்கு 100 யார் (கெஜம்) தூரத்தில் வெடிகளையெல்லாம் ஒன்றுக்கொன்று ஐந்து அங்குலத்துக்குள் விழுத்தினால் போதும், அதற்குமேல் வேண்டுமென்றால் குழலையே மாற்ற வேண்டும் என்கிறது கட்டுரை. முதல் வெடி பிசகினாலும் மிச்சம் நாலு தோட்டா இருக்கிறதுதானே என்றும் சொல்கிறது. முதலாவது பிழை. இரண்டாவதை நம்பி ஒருவர் காட்டுக்குப் போனால் அங்கே ஒரு உயிர் வதைபடும். அப்படி நம்பிப் போனவன் நான்.

என் சொந்த இடம் இலங்கையில் முல்லைத்தீவுப் பக்கத்து ஒட்டுசுட்டான். வயலுக்குள் பன்றி இறங்காமல் பார்க்க அப்பா ஒரு இடியன் துவக்கு வைத்திருந்தார். குழல்வாயால் வெடிமருந்தை இடித்து, சன்னத்தைப் போட்டு, தீப்பொறிக்குக் கேப் வைத்து முடிக்கவே நேரம் போய்விடும். ஆகவே அவருக்கு இரண்டாவது வெடி என்று ஒன்று இருந்ததே இல்லை. பரணில் அவரோடு விழித்திருந்த இரவுகளில், பன்றி வந்து நின்ற பிறகும் வெடி வைக்காமல் இருப்பார். நான் இடிப்பேன். "பொறடா தம்பி, அது இன்னும் பக்கம் காட்டேல்ல" என்பார். அப்படிப்பட்டவரின் மகன்தான் கனடாவுக்கு வந்து, ஐந்து தோட்டா கொள்ளும் துவக்கை வாங்கிக்கொண்டு பொறுமையைத் தொலைத்தேன்.

என்னுடையது பிரவுணிங் கம்பனியின் பி.ஏ.ஆர்., .308 வின்செஸ்டர் என்ற அளவுத் தோட்டா போடுவது, பழையது, இன்னொருவர் பாவித்தது. 1918 ஆம் ஆண்டின் இராணுவத் துவக்குக்கும் இதே பெயர் இருப்பதால் சிலர் பயப்படுகிறார்கள். இது 1967 இல் வேட்டைக்கென்றே வந்தது. உள்ளே இரண்டும் வேறு வேறு. வெடித்த வாயுவில் ஒரு பகுதி குழலிலுள்ள சிறு துளையால் இறங்கி, பிஸ்டனைத் தள்ளி, வெற்றுக் கோதை வெளியே எறிந்து அடுத்த தோட்டாவை ஏற்றும். தோளில் உதை குறைவாக இருப்பதும் அதனால்தான்.

2009 நவம்பர், ஒன்ராறியோவில் பரி சவுண்ட் பக்கத்துக் காடு. 140 யார் தூரம் இருக்கும், ஒரு கொம்பன் மான் பக்கவாட்டில் நின்றது. முன்னங்காலுக்குப் பின்னால் குறி வைத்தேன். சன்னம் வயிற்றில் பட்டது. மான் கூனிக்கொண்டு பாய்ந்தது. உடனே இன்னும் இரண்டு வெடி வைத்தேன், இரண்டும் மரத்தில். ஓடுகிற மானுக்கு, மரங்களுக்கிடையில், நெஞ்சு படபடக்க வைக்கும் வெடி வேறெங்கே போகும்? இரத்தத்தோடு பச்சைச் சாறும் கலந்து பனியில் கிடந்ததைப் பார்த்ததும் எங்கே பட்டிருக்கிறது என்று விளங்கிவிட்டது. இருட்டும்வரை தேடினோம். அடுத்த நாள் காலையில்தான் கிடைத்தது. கொயோட்டிகள் என்ற காட்டு நாய்கள் பின்பக்கத்தைத் தின்றிருந்தன. இரவு எவ்வளவு நேரம் அது உயிரோடு கிடந்ததோ என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

வீட்டுக்கு வந்து, துவக்குப் பிழையா, நான் பிழையா என்று பார்க்கத் தொடங்கினேன். ஸ்காபரோவில் 31 வருஷம் லேத் மெசினில் நின்றவன். அளந்து பார்க்காமல் எதையும் நம்பக்கூடாது என்பதைத் தொழிலில் கற்றிருந்தும் துவக்கை நான் ஒருநாளும் ஒழுங்காக அளந்ததில்லை. சுடுகளத்தில் மணல்மூட்டைமேல் வைத்து, 100 யாரில், அவசரப்படாமல் ஐந்து வெடி வைத்தேன். ஒன்றுக்கொன்று நாலரை அங்குலம் விலகி இருந்தன. மானின் நெஞ்சறையில் உயிர்நிலை ஏறக்குறைய எட்டு அங்குலம். நாலரை அங்குலம் 200 யாரில் ஒன்பது அங்குலமாகிவிடும். கட்டுரையில் சொன்ன ஐந்து அங்குலம் பத்தாகும். அப்படியானால் கை அசையாமல் நின்றாலும், காற்று அடிக்காவிட்டாலும், துவக்கே தவறவைக்கலாம். அதற்குமேல் எங்கள் கைநடுக்கம் வேறு.

முதலில் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பைத்தான் சந்தேகித்தேன். அதன் அடித்தட்டு ஆணி ஒன்று தளர்ந்திருந்தது. அது என் கவனக்குறைவு. எல்லா ஆணியையும் கழற்றி, எண்ணெய் துடைத்து, முறுக்குமானியால் சொல்லப்பட்ட அளவுக்கு இறுக்கினேன். கொஞ்சம் திருந்தியது. முழுக்க இல்லை.

பிறகு துவக்கை வெறுமையாக்கி, வெடியறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, குழல்வாயைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். காரணம் அங்கேதான் இருந்தது. சன்னத்தைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டியிருக்கும் புரிகள் வந்து முடியும் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுத்து ஏற்றும் போல்ட் துவக்கில், வெடியறையை மூடும் போல்ட்டை உருவி எடுத்துப் பின்பக்கத்தால் கம்பி விட்டுத் துடைக்கலாம். இந்த வகையில் பின்பக்கம் மூடியிருக்கும். வாய்ப்பக்கத்தால்தான் கம்பியை விடவேண்டும். எனக்கு முன் வைத்திருந்தவர், கம்பி விளிம்பில் உரசாமல் தடுக்கும் காப்பு வளையம் போடாமல் வருஷக்கணக்கில் அப்படித் துடைத்திருக்க வேண்டும். செய்த கம்பனியில் ஒரு குறையும் இல்லை. சன்னம் வெளியேறும் கணத்தில் பின்னாலுள்ள வாயு நாலு பக்கமும் ஒரேயளவாகப் பிரிய வேண்டும். விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்தால் அந்தப் பக்கத்தால் முதலில் பிரிந்து சன்னத்தின் அடியைச் சரித்துவிடும். என் கையில் லேத் இருந்தும் நான் அதைத் தொடவில்லை. துவக்கு வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்து 11 பாகையில் விளிம்பை வெட்டுவித்தேன். நாலரை அங்குலம் இரண்டேமுக்காலுக்கு வந்தது. குழல் அதே பழைய குழல்தான்! இப்போது வாய்ப்பக்கத்தால் கம்பி விடுவதே இல்லை. வெடியறைப் பக்கத்திலிருந்து கயிற்றால் இழுத்துத் துடைக்கிறேன்.

அடுத்தது முன்பிடி, குழலின் கீழே கை பிடிக்கும் மரம். இந்தத் துவக்கில் முன்பிடியை ஒரு ஆணி முன்னால் பிடித்திருக்கிறது. அதை ஒருநாள் கூடுதலாகவும் இன்னொருநாள் குறைவாகவும் இறுக்கினால் குழல்மேல் அழுத்தம் மாறும், குறியும் மாறும். சூடேறிய மெல்லிய குழல் மரத்தோடு முட்டினால் வெடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப்போகும். என் முன்பிடி ஒரு பக்கம் குழலில் உரசியிருந்தது. கறுப்பாகத் தடம் இருந்தது. அந்த இடத்தை மட்டும் உப்புக்காகிதத்தால் தேய்த்துவிட்டு, எப்போதும் ஒரே இறுக்கம் வைக்கிறேன். மூட்டையில் வைக்கும்போதும் முன்பிடியின் ஒரே இடம், வெடியறைக்குக் கிட்டவாக. குழலை ஒருநாளும் எதிலும் சாய்ப்பதில்லை. தோள்வாரைக் கையில் சுற்றி இழுப்பதுமில்லை.

தோட்டாவுக்குச் செலவழித்த காசு வீண்போகவில்லை. சன்னத்தின் நிறை 150, 165, 180 கிரெயின் (அந்த நிறையின் அளவு) என்ற மூன்றிலும் இரண்டு இரண்டு வகை வாங்கி, வகைக்கு ஐந்து வெடி, ஒவ்வொன்றுக்கும் இடையில் குழல் ஆறவிட்டு வைத்துப் பார்த்தேன். என் துவக்குக்கு 165 பிடித்தது, ஒன்றேமுக்கால் அங்குலம். இதே துவக்கு வைத்திருக்கும் என் கூட்டாளிக்கு 180 தான் சரி. பெட்டியில் எழுதியிருப்பதை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. தானே தோட்டா நிரப்புகிறவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: மெதுவாக எரியும் மருந்தைக் கூட்டிப் போட்டால் வாயுத்துளையில் அழுத்தம் ஏறி பிஸ்டனும் போல்ட்டும் அடிவாங்கும்.

இனி நான் இந்தக் கடிதம் எழுதக் காரணமான விஷயம். சுடுகளத்தில் ஐந்து வெடி வைத்து நடுவைப் பார்த்து ஸ்கோப்பைத் திருப்புகிறோம். காட்டில் நாங்கள் வைக்கும் வெடி குளிர்ந்த, துடைத்த குழலிலிருந்து போவது. அதோடு, முதல் தோட்டாவை ஏற்றுவது எங்கள் கை. மற்றவற்றை ஏற்றுவது துவக்கு. சத்தம் கேட்கக்கூடாதென்று போல்ட்டை மெல்லப் பிடித்து விட்டால் அது முழுக்கப் பூட்டாமலும் போகலாம். இழுத்து, கையை எடுத்து, தானாக அடித்துப் பூட்ட விடவேண்டும். இப்படி ஏற்றிய முதல் வெடி என் துவக்கில் மற்ற நாலையும்விட ஒன்றரை அங்குலம் இடப்பக்கம் விழுந்தது. ஐந்தையும் கூட்டிச் சராசரி பார்த்தவரை எனக்கு இது தெரியவே இல்லை.

ஆகஸ்ட் தொடங்கி ஒக்டோபர் முடியும்வரை சுடுகளத்துக்குப் போகும் நாளெல்லாம் முதலில் ஒரேயொரு வெடி வைப்பேன். எப்போதும் அதே குறிக்கடதாசி. வெடி வைத்ததும் திகதி எழுதி, மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடுவேன். மழைநாள், குளிர்நாள் எல்லாம் அதில் இருக்கும். சென்ற வருஷக் கடதாசியில் பதினொரு துளை இருக்கிறது, எல்லாம் இரண்டேகால் அங்குலத்துக்குள். அந்தப் பதினொன்றின் நடுவுக்குத்தான் ஸ்கோப்பைத் திருப்புகிறேன், 100 யாரில் இரண்டு அங்குலம் மேலே. அன்றைய மிச்சப் பயிற்சியில் கூட்டாளி எனக்குத் தெரியாமல் இடையில் வெடிக்காத போலித் தோட்டா ஒன்று போட்டுத் தருவார். அது வரும்போது துவக்கு அசைந்தால், நான் கண்ணை மூடிக்கொண்டு விசையை அடிக்கிறேன் என்று அர்த்தம். முதல் வருஷம் நன்றாகவே அசைந்தது.

விசையை இலகுவாக்க வேண்டுமென்று சுருளை வெட்டும் வேலையை மட்டும் ஒருவரும் வீட்டில் செய்யக்கூடாது. அரைத் தானியங்கியில் விசைப் பகுதி பிசகினால் ஒரு அழுத்தலுக்கு இரண்டு வெடி போகலாம். கீழே வைத்தால் தானாக வெடிக்கலாம். அது வேலை தெரிந்தவருக்குரியது.

நவம்பர்க் குளிரில் எண்ணெய் தடித்து போல்ட்டை மந்தமாக்கும். பிஸ்டனைத் துடைத்துக் காய்ந்தபடி விடுங்கள். சூடான அறைக்குள் ஸ்கோப்பைக் கொண்டுபோனால் வியர்க்கும். வெறுமையாக்கி, உறையிலிட்டு, பூட்டக்கூடிய குளிரான இடத்தில் வைப்பதே நல்லது. 2020 மே மாதத்திலிருந்து கனடா மத்திய அரசு பல அரைத் தானியங்கி வகைகளைத் தடைசெய்து வருகிறது. பழையதை வாங்குமுன் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்பதும் உங்கள் கட்டுரையில் விடுபட்டுப் போயிற்று.

ஆசிரியர் அவர்களே, அந்த ஐந்து அங்குலக் கணக்கையும் நாலு தோட்டாக் கதையையும் திருத்தி ஒரு சிறு குறிப்பாவது போடுங்கள். மான் பருவம் தொடங்க இன்னும் ஒன்பது கிழமை இருக்கிறது. இன்றைக்குத் தொடங்குகிற பிள்ளை கிழமைக்கு ஒரு வெடி வைத்தாலும் கடதாசியில் ஒன்பது துளை விழும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி ஒருவர்,
ஸ்காபரோ.