தலைக்கவசத்துக்கு ஒரு வயது போதாது

பிற்கால ரோமானியத் தலைக்கவசங்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் அருங்காட்சியகங்களின் காப்பாட்சியர்களுக்கு,

வணக்கம். கண்ணாடிப் பேழைக்குள் நீங்கள் சாய்த்து வைக்கும் சின்ன அட்டையைப் பற்றித்தான் இந்த மடல். 'கி.பி. 4ஆம் நூற்றாண்டு' என்று ஒரே வரி. எது 4ஆம் நூற்றாண்டு? அடித்ததா, அணிந்ததா, மண்ணுக்குள் போனதா?

லைடன் அருங்காட்சியகத்தில் இருக்கும் டோர்னே தலைக்கவசத்தையே பாருங்கள். 1910இல் நெதர்லாந்தின் பீல் சதுப்பில், அடுப்பெரிக்கச் சதுப்புமண் வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளிக்குக் கிடைத்தது. கூடவே காலணித் தோல், குதிரையை உந்தும் குதிமுள், உடையூசி, கொஞ்சம் காசுகள். அவற்றில் கடைசிக் காசு 319 அல்லது 320இல் அச்சானது. உடனே கவசத்துக்கும் '320 வாக்கில்' என்று வயது குறித்துவிடுகிறோம். அந்தக் காசு சொல்வதோ இவ்வளவுதான்: அதற்கு முந்தி இவை சதுப்புக்குள் போயிருக்க முடியாது. கவசம் எந்த ஆண்டில் பட்டறையை விட்டு வந்தது என்பதைப் பற்றி அது வாயே திறக்கவில்லை.

அங்கே நாம் பார்ப்பது முழுக் கவசமும் அல்ல. உள்ளிருந்த இரும்பு கரைந்துபோய், பொன்முலாம் பூசிய வெள்ளிப் போர்வைதான் மிஞ்சியிருக்கிறது. அதில் ஒரு குதிரைப்படைப் பிரிவின் பெயரும், செய்தவர் பெயரும், எடையும் பொறித்திருக்கிறார்கள். இரும்பும் வெள்ளியும் ஒரே நாளில் பிறந்தவைதானா? 374ஆம் ஆண்டின் ரோமானியச் சட்டம் ஒன்று கவசம் செய்வதையும் அதற்கு வெள்ளி போர்த்துவதையும் தனித்தனிக் கணக்காக வைக்கிறது. ஒரு கைவினைஞர் முப்பது நாளில் ஆறு வெண்கலக் கவசங்கள் செய்வார். வெள்ளி போர்த்திப் பொன் பூசுவது அந்தியோக்கியாவில் எட்டு, கான்ஸ்டான்டிநோபிளில் வெறும் மூன்று. அந்த மூன்றை ஆறாக்கு என்பதுதான் ஆணை. (மாத இலக்கு வைத்து விரட்டுவது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல போலும்.) பழைய கவசத்துக்குப் புதுப் போர்வை போட்டிருந்தால் உங்கள் அட்டை எந்த வயதைச் சொல்லும்?

1955இல் செர்பியாவின் பெர்கசோவோவில் கிடைத்த இரண்டு கவசங்களின் கதை வேறு. அங்கே ரோமப் பேரரசர் லிகினியஸின் வெற்றியைச் சொல்லும் பொறிப்பு இருக்கிறது. அந்த அரசர் 324இல் கான்ஸ்டன்டைனிடம் தோற்று அரியணையை இழந்தார்; ஆகவே எழுத்து அதற்கு முந்தியது என்று துணிந்து சொல்லலாம். தோற்றவர் பெயரைத் தலையில் சுமந்தபடி அதன் பிறகு எத்தனை காலம் நடமாட முடிந்திருக்கும்? பொறிப்பின் வயது நெருங்கித் தெரிகிறது, புதைந்த வயது தெரியவில்லை. டோர்னேவுக்கு நேர் எதிர். அங்கேயே கிரேக்கத்தில், 'திஸ்ஸோன், நலமாக அணிந்துகொள்' என்றும் ஒரு வரி. புதுத் துணி எடுத்துக் கொடுப்பவர் சொல்வதுபோல.

கவசங்கள் கைமாறின என்பதற்கு இவற்றுக்கு முந்திய சான்றும் உண்டு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள 1ஆம் நூற்றாண்டுக் கவசத்தின் பிடரித் தகட்டில் நான்கு வீரர்களின் பெயர்கள் புள்ளி புள்ளியாகக் குத்தப்பட்டிருக்கின்றன. பாட்டி வீட்டுப் பித்தளைக் குடத்தில் பேர் வெட்டியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்.

இன்னொரு குழப்பம், பொருளின் ஆயுளையும் வடிவத்தின் ஆயுளையும் ஒன்றாக்குவது. பிற்கால ரோமானியக் கவசங்களின் இரண்டு பாதிகளை உச்சியில் ஓடும் முகட்டுப் பட்டையால் இணைக்கும் முறைக்கு முன்னோடியாகச் சொல்லப்படுவது, 256 வாக்கில் பாரசீகர் முற்றுகையிட்ட துரா யூரோபஸ் என்ற சிரிய நகரின் முற்றுகைச் சுரங்கத்தில் புதையுண்ட இரும்புக் கவசம். பாரசீகப் படைவீரருடையது என்கிறார்கள். அந்த மரபின் சாயல் இங்கிலாந்தின் 7ஆம் நூற்றாண்டு சட்டன் ஹூ புதையலிலும், 8ஆம் நூற்றாண்டு யார்க் நகரக் கவசத்திலும் தொடர்கிறது. வடிவம் ஐந்நூறு ஆண்டு வாழ்ந்ததால் ஒரு தனிக் கவசமும் நூறாண்டு உழைத்தது என்று ஆகிவிடாது.

நான் கேட்பது அட்டையில் இன்னும் இரண்டு வரிகள்தான். 'செய்தது' என்று ஒன்று, 'புதைந்தது' என்று ஒன்று. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதைச் சொல்வது காசா, எழுத்தா, வடிவ ஒப்பீடா என்று ஒரு சொல். சான்று இல்லாத வரியை வெறுமையாகவே விடுங்கள்.

இப்படிக்கு,
பேழைக்கு முன்னால் அதிக நேரம் நிற்கும் ஒருவன்