உறுதி இருந்தால் போதுமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இருபது வருடமாகக் குடிக்கும் கணவரைப் பற்றி ஒரு சகோதரி கேட்டதற்கு, 'மன உறுதி இருந்தால் நாளைக்கே நிறுத்திவிடலாம்' என்று சென்ற இதழ் மருத்துவப் பக்கத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எழுதியவர் வீட்டில் யாரும் குடிப்பதில்லை போலிருக்கிறது. நன்றாக இருக்கட்டும்.

என் அண்ணனுக்கு உறுதிக்கு ஒன்றும் குறைவில்லை. கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டார், அன்றோடு குடியை விட்டார். மறுநாள் டீ டம்ளரைப் பிடிக்க முடியாத நடுக்கம். ராத்திரி வலிப்பு. கையில் சாவிக்கொத்தைத் திணித்து, சாமி குத்தம் என்று விபூதி போட ஆள் தேடினார்கள். மூன்றாம் நாள் கறுப்பு வேட்டியிலிருந்து இல்லாத எறும்பைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் ஆஸ்பத்திரி. பிழைத்ததே பெரிது.

நான் பிளஸ் டூவுக்கு உயிரியல் எடுத்து ஓய்வு பெற்றவள். மூளை செல்லின் சவ்வுக்கு அடிப்படையே கொழுப்பு. மது பட்டால் வெயில் பட்ட நெய்போல லேசாக இளகும். வருடக்கணக்கில் இப்படியே நடந்தால் செல் சும்மா இருக்குமா? கொலஸ்ட்ராலைக் கூட்டி, கொழுப்பு அமிலங்களை மாற்றிச் சவ்வை இறுக்கிக்கொள்ளும். சவ்வில் பதிந்த ஏற்பிகளும் (ரசாயனச் செய்தியை வாங்கும் புரதங்கள்) மாறும்: மூளையை அடக்கும் காபா ஏற்பிகள் மந்தமாகும், கிளப்பிவிடும் குளூட்டமேட் ஏற்பிகள் பெருகும். கட்டிங்குக்கே தள்ளாடியவர் பிறகு ஆஃப் அடித்தும் நேராக நடப்பது இதனால்தான். அதை 'ஸ்டெடி' என்று மெச்சுகிறோம்! மது திடீரென்று நின்றால் அந்த மூளையை அடக்க ஆளில்லை. குடிக்குப் பழகிய சுண்டெலிகளின் சவ்வு மதுவுக்கு லேசில் இளகுவதில்லை என்று ஜேன் சின், டோரா கோல்ட்ஸ்டீன் என்ற ஆய்வாளர்கள் 1977இலேயே காட்டிவிட்டார்கள். தங்களுக்குத் தெரியாததா?

அதே மருத்துவப் பக்கத்துக்கு எதிரில், 'அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்று பொடி விளம்பரம். அதில் என்ன இருக்கிறதென்று கேட்டீர்களா? குடியை நிறுத்த டாக்டர்கள் தரும் டைசல்பிரம் மருந்து இருந்து, விஷயம் தெரியாமல் அந்த மனிதர் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். தீபாவளி மலரிலோ வருடா வருடம் பூரிக்கட்டையோடு நிற்கும் குடிகாரன் பெண்டாட்டி ஜோக். அதைப் பற்றி எழுதியதெல்லாம் குப்பைக்குப் போயிற்று. கோலத்தில் புள்ளிக் கணக்கு தப்பு என்று எழுதியதை மட்டும் பரிசுக் கடிதமாகப் போட்டீர்கள், நன்றி.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. 'தினமும் குடிப்பவர் தானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. டாக்டர் மேற்பார்வையில், மாத்திரையோடு நிறுத்த வேண்டும். விவரத்துக்கு 104ஐக் கூப்பிடலாம்' என்று ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள். கார்த்திகைக்கு முன்னால் வந்தால் உபயோகம். இடம் போதாவிட்டால் அந்தப் பொடிக்காரரிடம் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, உடுமலைப்பேட்டை
(பெயர் போட வேண்டாம், அண்ணன் இந்தப் பத்திரிகை படிப்பவர்.)