சந்தை மூட்டைக்கும் பஸ்ஸில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மே மாதம் கோடை விழா நெருங்கினால் ஏற்காட்டுக்குக் கூடுதல் பஸ் விடுவது பற்றிச் செய்தி வந்துவிடுகிறது, சந்தோஷம். ஆனால் நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம் பக்கமிருந்து சந்தை நாளன்று அரிசி பருப்பு வாங்க ஏற்காட்டுக்கு வருகிற சனங்கள் மூட்டையோடு எப்படித் திரும்புகிறார்கள் என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. நானே இங்கே இத்தனை வருடம் வாத்தியாராக இருந்தும் அதைப் பெரிதாக யோசித்தவனில்லை, ரிட்டயர் ஆனபிறகு ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டுக்குத் தன்னார்வலராகப் போய், சோம்பா என்கிற ஊருக்கு வெளியே ஒரு கிராமத்துப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தபோதுதான் மளிகை வாங்குவது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்தது.

சோம்பா 1975 வரை அந்த நாட்டின் தலைநகர். ஊருக்குப் பின்னால் மலை, சேலம் அஸ்தம்பட்டியில் நின்று சேர்வராயன் மலையைப் பார்ப்பது போலவே இருக்கும். கிளம்பும் முன் விசா, தடுப்பூசி, பாடத்திட்டம் எல்லாம் விளக்கமாகச் சொன்னார்கள், சாமான் வாங்கப் போனால் ஒரு நாள் முழுசாகப் போய்விடும் என்பதை மட்டும் சொல்லவில்லை. கிராமத்துக் கடையில் உப்பு, சோப்பு, தீப்பெட்டி, குட்டிப் பொட்டலத்தில் எண்ணெய், அவ்வளவுதான். மற்றதற்கெல்லாம் சைக்கிள் டாக்ஸியில் (கபாசா என்பார்கள்) பின்சீட்டில் உட்கார்ந்து மெயின் ரோடு வரை வந்து, அங்கே மினிபஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். மினிபஸ்ஸுக்கு நேரம் காலம் கிடையாது, ஆள் நிறைந்தால்தான் கிளம்பும்.

சந்தைக்குள் போய்விட்டால் நம்மூர் ஆளுக்குத் திகைப்பே இல்லை. தக்காளியும் வெங்காயமும் தரையில் கூறு கட்டி வைத்திருப்பார்கள், பேரம் பேசி முடித்தபிறகு மேலே ஒன்று போடச் சொல்லிக் கேட்கலாம், போடுவார்கள். மலாவி ஏரியிலிருந்து வருகிற உசிபா என்கிற பொடிக் கருவாடு ஒரு பக்கம், மக்காச்சோள மாவு ஒரு பக்கம், குவியல் குவியலாகக் குச்சிக்கிழங்கு ஒரு பக்கம். கிழங்கை அங்கே வேகவைத்துக் காலையில் டீயோடு சாப்பிடுகிறார்கள். எங்கள் சேலத்தில் இதை அரைத்து ஜவ்வரிசி போடுவதற்கென்றே ஆலைகள் இருக்கின்றன என்று நான் சொன்னதைக் கிழங்குக்கார அம்மா கடைசி வரைக்கும் நம்பவில்லை.

துவரையும் அங்கே ஏராளம், மக்காச்சோளக் காட்டிலேயே ஊடுபயிராகப் போடுகிறார்கள். வருடத்துக்கு 50,000 டன் என்று ஐந்து வருடத்துக்கு மலாவித் துவரையை வாங்க 2021-ல் நம் அரசு ஒப்பந்தம் போட்டது, ஆகவே சேலம் லீ பஜார் மளிகைக் கடைகளில் நாம் வாங்குகிற பருப்பில் அந்தக் காட்டுத் துவரையும் கலந்திருக்கலாம். ஆனால் சந்தையில் கிடைப்பது தோலோடு முழுசாக. ராத்திரி ஊறப்போட்டு, கையால் தேய்த்துத் தோல் நீக்கி, அங்கேயே விற்கிற புளியைக் கரைத்து, இங்கிருந்து கொண்டுபோன பெருங்காயத்தைப் போட்டால் சாம்பார் தயார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு வாய் வைத்துவிட்டுப் புளிப்பு அதிகம் என்றார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். திரும்பும்போது அந்த மினிபஸ்ஸில் மூட்டை ஏற்றுவதை உங்கள் வாசகர்கள் பார்க்க வேண்டும். மாவு மூட்டையோடு ஒரு பெண் வந்தால் கண்டக்டர் பையன் கீழே குதித்து, அவள் தலையிலிருந்து அதை வாங்கி, பின்னால் கதவைத் திறந்து சொருகி, கதவு மூடாவிட்டால் கயிறு போட்டுக் கட்டுவான். பெரிய மூட்டைக்குத் தனிக் காசு உண்டு, அதையும் ஏறும்போதே பேசி முடித்துவிடுவான். யாரும் முகம் சுளிப்பதில்லை, ஏனென்றால் எல்லோர் மடியிலும் ஏதோ ஒரு பை இருக்கிறது. நாலு பேர் வரிசையில் ஐந்து பேரைத் திணிப்பது ஆபத்துதான், அதை நான் மெச்சவில்லை. ஆனால் அந்த வண்டி யாருக்காக ஓடுகிறது என்பதில் சந்தேகமே இல்லை.

இங்கே நம் பஸ் நேரத்துக்கு வருகிறது, கட்டணம் குறைவு, அதெல்லாம் உண்மை. நேரம் வைத்ததுதான் பள்ளிக்கூடத்துக்கும் ஆபீசுக்கும் டூரிஸ்டுக்கும் தோதாக. காபிப் பழம் பறிக்கிற சீசனில் எஸ்டேட்டில் கூலி வாங்கிக்கொண்டு, சந்தைக்கு வந்து, 25 கிலோ அரிசிச் சிப்பமும் எண்ணெய்க் கேனும் வாங்கி முடிப்பதற்குள் உள் கிராமத்துக்கான கடைசி பஸ் போய்விட்டால் ஜீப்புக்குத்தான் கையேந்த வேண்டும், பாதிக் கூலி அதிலேயே போகும். பஸ் கிடைத்தாலும் "மூட்டையை எங்கேம்மா வைக்கிறது?" என்கிற கேள்வி.

ரேஷனில்தான் அரிசி இலவசமாகக் கிடைக்கிறதே, பிறகெதற்கு மூட்டை என்று கேட்பவர்கள் உண்டு. ரேஷனில் துவரம்பருப்பு 30 ரூபாய்க்கு மாதம் ஒரு கிலோ. பிள்ளைகளும் பெரியவர்களுமாக இருக்கிற வீட்டுக்கு அது எத்தனை நாள் வரும்?

முன்பு பஸ் கூரையில் கேரியரும் பின்னால் ஏணியும் இருந்தன, அது மறுபடி வேண்டும் என்று நான் கேட்கவில்லை, மலை ரோட்டு வளைவுகளில் மேல்பாரம் நல்லதில்லை. சந்தை நாளன்று மட்டும் கடைசி பஸ்ஸை ஒரு மணி நேரம் தள்ளி எடுக்கலாம், அந்த வண்டியில் கடைசி வரிசை சீட்டைக் கழற்றி மூட்டைக்கு விடலாம், லக்கேஜ் கட்டணம் எவ்வளவு என்று கதவுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டலாம்.

உங்கள் நிருபரை ஒரு சந்தை நாள் சாயங்காலம் ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்புங்கள். எத்தனை பேர் மூட்டையை வைத்துக்கொண்டு ஜீப்காரரிடம் பேரம் பேசி நிற்கிறார்கள் என்று எண்ணி, கோடை விழா செய்தி போடுகிற அதே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
ஏற்காடு.