இரண்டு கிரானைட் கற்களும் அரை அரிசியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் வரும் பொது ஈர்ப்பியல் விதியை (இரு பொருள்களுக்கு இடையே உள்ள ஈர்ப்பு விசை, நிறைகளின் பெருக்கலுக்கு நேர்விகிதத்திலும், தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும்) நம் பிள்ளைகள் வரி பிசகாமல் ஒப்பிக்கிறார்கள். ஆனால், 'இரு பொருள்களின் நிறையையும் இரட்டித்தால் விசை என்னாகும்?' என்று கேட்டால், பலர் 'இரு மடங்கு' என்று எழுதிவிடுகிறார்கள். நிறைகளைப் பெருக்க வேண்டும், கூட்டக் கூடாது. விடை நான்கு மடங்கு. ஒரு பொருளின் நிறையை மட்டும் இரட்டித்தால்தான் இரு மடங்கு.

இது மனதில் பதிய கிருஷ்ணகிரி பக்கம் லாரிகளில் போகும் கிரானைட் கல்லே போதும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டர் உள்ள கல்லின் நிறை சுமார் 2,700 கிலோ. அப்படி இரண்டை, மையத்துக்கு மையம் 2 மீட்டர் இருக்கும்படி வைத்துக் கணக்கிடுங்கள். 2,700-ஐ 2,700-ஆல் பெருக்கி, அதை ஈர்ப்பியல் மாறிலியான 6.674 × 10⁻¹¹-ஆல் பெருக்கி, தூரத்தின் வர்க்கமான 4-ஆல் வகுத்தால் சுமார் 0.00012 நியூட்டன். பாதி அரிசியின் எடைதான் இது! அதே கல்லைப் பூமி இழுப்பதோ சுமார் 26,500 நியூட்டன். பூமியின் நிறை 5.97 × 10²⁴ கிலோ என்பதால் வரும் வித்தியாசம் அது. கல்லும் பூமியை அதே 26,500 நியூட்டனால்தான் இழுக்கிறது என்றால் பிள்ளைகள் எளிதில் நம்புவதில்லை. அங்கே நிதானமாக நின்று விளக்க வேண்டும்.

சறுக்கும் இடம் இன்னொன்று உண்டு. கற்களுக்கு நடுவில் உள்ள வெற்றிடம் 1 மீட்டர்தான். அதையே தூரமாகப் போட்டால் விடை நான்கு மடங்கு கூடிவிடும். டன்னைக் கிலோவாக மாற்ற மறப்பதும் அடிக்கடி நடக்கிறது.

இவ்வளவு சின்ன விசையை 1798-லேயே ஆங்கிலேய விஞ்ஞானி ஹென்றி கேவண்டிஷ் அளந்துவிட்டார். தலா 158 கிலோ ஈயக் குண்டுகள் இரண்டு, அருகே தொங்கிய சிறு குண்டுகளை இழுத்த விசை அது. காற்று அசைந்தாலே அளவு கெடும் என்பதால், அறைக்கு வெளியே நின்று தொலைநோக்கியில் பார்த்தார்.

பள்ளியில் அதைச் செய்ய முடியாது. சுருள்வில் தராசில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைத் தொங்கவிடலாம்: 9.8 நியூட்டன். இன்னொன்று சேர்த்தால் 19.6. நிறை கூடினால் விசை கூடுவது கண்ணெதிரே தெரியும்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் இதுபோல் நம் ஊர்ப் பொருள்களை வைத்து, வாரம் ஒரு கணக்கையாவது படிப்படியாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர்கள்,
பர்கூர், கிருஷ்ணகிரி மாவட்டம்